ஸ்கூலை இடிச்சுக் கட்டப் போறாங்களாம், அதுவரைக்கும் பிள்ளைங்களை எங்க அனுப்புறது?

கடைமடைக்காரி

வணக்கம். இவ்வளவு நாள் இங்க வந்து படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னைக்குத்தான் முதல்தடவை எழுதுறேன், நீளமா போனா கோவிச்சுக்காதீங்க.

எங்க ஊரு திருவாரூர் பக்கம். ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும், மொத்தம் 66 பிள்ளைங்க, ஹெச்.எம்.மோட சேத்து மூணு டீச்சர். என் பொண்ணு ரெண்டாவது படிக்கிறா, பையனை வர்ற ஜூன்ல ஒண்ணாவது சேக்கணும். ஓட்டுக்கட்டடம் ஒண்ணு இருக்கு, எங்க மாமனார் படிச்ச காலத்துது. பக்கத்துல காங்கிரீட் கட்டடம் ஒண்ணு, அதுல சீலிங் பேந்து விழுந்து கம்பி தெரியுது, ரெண்டு வருஷமா பூட்டியே கிடக்கு. மழை பேஞ்சா அஞ்சு கிளாஸும் ஓட்டுக்கட்டடத்துலதான், அதுலயும் ஒழுகாத மூலையா பாத்து உக்காரணும்.

இப்ப ரெண்டையும் இடிச்சுட்டு நாலு கிளாஸ்ரூம், பாத்ரூம், சமையக்கூடம் எல்லாம் புதுசா வரப்போகுதாம், முழுப் பரீட்சை முடிஞ்சதும் வேலை ஆரம்பம்னு ஹெச்.எம். சொன்னாங்க. சந்தோசமாத்தான் இருந்துச்சு. அப்புறம் அவங்களே, அதுவரைக்கும் பிள்ளைங்களை எங்க வெக்கிறதுன்னு நீங்க எல்லாரும் சேந்து சொல்லுங்கன்னு எங்க தலையில போட்டுட்டாங்க. ஒண்ணு, ஒண்ணாவது ரெண்டாவதை மட்டும் அங்கன்வாடியில வெச்சுட்டு மத்தவங்களை பக்கத்து ஊர் ஸ்கூலுக்கு அனுப்புறது, அது ரெண்டு கிலோமீட்டர், நடுவுல மெயின் ரோடு, மணல் லாரி பறக்கும். இல்லன்னா எல்லாரும் ஊராட்சி சமுதாயக்கூடத்துல. இல்லன்னா கோயில் மண்டபம். ஸ்கூல் மைதானத்துலயே ஒரு ஓரமா கொட்டகை போட்டுக்கலாம்னும் ஒருத்தர் சொல்றார்.

வீட்டுக்காரர் துபாய்ல இருக்காங்க, நான்தான் முடிவு பண்ணணும். மாமியார் ஒரே பிடியா பிரைவேட்ல சேத்துடு, வேன் வாசல்லயே வருதுன்னு நிக்கிறாங்க. எத்தனை மாசம் ஆகும், டி.சி. வாங்கணுமா, இதை அனுபவிச்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

---

சாக்பீஸ்தூசி

அம்மா, நான் முப்பத்தொரு வருஷம் ஒன்றியப் பள்ளியில இருந்து ரிட்டையர் ஆனவன், கடைசி அஞ்சாறு வருஷம் ஹெச்.எம். நீங்க சொல்றதை அப்படியே அனுபவிச்சவன், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

முதல்ல டி.சி. விஷயம். வாங்கவே வாங்காதீங்க. யார் கேட்டாலும், "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான், திரும்பி வந்ததும் சேத்துக்கலாம்"னு சொன்னாலும் வாங்காதீங்க. பிள்ளைங்க எந்த ஊர்ல உக்காந்து படிச்சாலும் பேரு நம்ம ஸ்கூல் பதிவேட்டுலதான் இருக்கணும், எமிஸ்ல, அதான் பிள்ளைங்க விவரம் ஏத்துற அரசாங்க கம்ப்யூட்டர் பதிவுல, நம்ம ஸ்கூல்லதான் இருக்கணும், நம்ம டீச்சர்தான் அட்டெண்டன்ஸ் எடுக்கணும். ஏன்னு கேளுங்க. உங்க ஸ்கூல்ல 66. சட்டப்படி அறுபது வரைக்கும் ரெண்டு டீச்சர், 61லேர்ந்து 90 வரைக்கும் மூணு. அப்ப ஆறு பிள்ளைங்க போனா போதும், மூணாவது டீச்சர் உபரி ஆயிடுவாங்க. ஆகஸ்ட் 1ஆம் தேதி தலைக்கணக்கை வெச்சுத்தான் டீச்சர் போஸ்டை முடிவு பண்ணுவாங்க. உங்க ஸ்கூல் அந்த நேரத்துல இடிஞ்சு கிடக்கும், புதுசா ஒண்ணாவது சேக்க வர்ற அம்மா மண்ணுக்குவியலைப் பாத்துட்டு திரும்பிப் போவா. ஜூன் ஜூலைதான் உங்களுக்கு ஆபத்தான மாசம், மழைக்காலம் இல்ல.

என் கதை. 2021 டிசம்பர் 17ல நெல்லையில ஒரு ஸ்கூல் கழிவறைச் சுவர் விழுந்து மூணு பையனுங்க செத்தது ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் தமிழ்நாடு முழுக்க கட்டடம் பாக்க ஆள் வந்தாங்க, எங்க ஸ்கூலுக்கும் வந்து ஒரு கட்டடத்துல பெயின்ட்ல பெருக்கல் குறி போட்டுட்டுப் போனாங்க. அடுத்த மாசமே ஜே.சி.பி. வந்துச்சு. அரைநாள்ல தரைமட்டம். அதுக்கப்புறம் ஒரு செங்கல் வந்து இறங்க ஒம்போது மாசம் ஆச்சு. இடிக்கிற காசு வேற கணக்கு, கட்டுற காசு வேற கணக்குன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. 2022 பட்ஜெட்ல பேராசிரியர் அன்பழகன் பேர்ல 7,000 கோடிக்கு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிச்சாங்க, காசு வரும்னு தெரியும், ஆனா எங்க ஊருக்கு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?

பிள்ளைங்களை சமுதாயக்கூடத்துல வெச்சோம். ஹால் பெருசுதான், ஆனா எதிரொலி. நான் ஒரு மூலையில வாய்ப்பாடு சொன்னா எதிர் மூலையில பாட்டு, நடுவுல மூணாவது பிள்ளைங்க ரெண்டையும் கேட்டுட்டு முழிக்கும். அப்புறம் எங்க சமையலம்மாதான் பழைய சேலையை நாலஞ்சு கொண்டாந்து கயித்துல கட்டித் தொங்கவிட்டாங்க, சத்தம் பாதியா குறைஞ்சுது. எனக்குத் தோணாத யோசனை அது. போர்டை எதிரெதிரா வெக்காம எல்லாத்தையும் வெளிப்பக்கம் பாத்து திருப்பி வெச்சோம்.

அது முடிஞ்சா கல்யாணம். வைகாசி, ஆவணி, தை, முகூர்த்தம் விடிஞ்சா எங்களுக்கு ஸ்கூல் கிடையாது. வளைகாப்புன்னா அரைநாள். மறுநாள் போனா வாழைத்தார் நாத்தம், எச்சில் இலை, அதை அள்ளிப்போட்டுட்டுத்தான் பிரேயர். பாத்ரூம் சாவி ஊராட்சி கிளார்க்கிட்ட, அவரு பத்தரைக்குத்தான் வருவாரு.

இடிக்கும்போது 71 பிள்ளைங்க. புதுக்கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டுன அன்னைக்கு 49. டைல்ஸ் போட்ட தரை, ஃபேன், ஸ்மார்ட் போர்டு, எல்லாம் இருந்துச்சு, ரெண்டாம் வகுப்புல நாலே நாலு பேர் உக்காந்திருந்தாங்க. போன பிள்ளைங்க யாரும் வரல, தம்பி தங்கச்சியையும் அங்கயே சேத்துட்டாங்க. நான் இப்பவும் அந்தப் பக்கம் போனா பாக்காம போயிடுவேன்.

அதனால எங்க வெக்கிறதுன்னு கேட்டீங்கன்னா, எங்க வேணா வைங்க, பிரிச்சு மட்டும் வெக்காதீங்க. ரெண்டு இடத்துல பிரிச்சா மூணு டீச்சரும் எங்கன்னு ஓடுவாங்க? பக்கத்து ஊர் ஸ்கூல்ல நம்ம பிள்ளைங்க விருந்தாளி மாதிரி கடைசி பெஞ்சுல உக்காரும். இன்னொண்ணு யாரும் யோசிக்கிறதில்ல, காலைச் சாப்பாடு. 2023 ஆகஸ்ட்லேர்ந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலயும் காலை உணவு இருக்கு, அது பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி போடுறது. ரெண்டு கிலோமீட்டர் தள்ளி அனுப்புனா பாதிப் பிள்ளைங்க அந்த நேரத்துக்குப் போய்ச் சேராது, வெறும் வயித்தோட கிளாஸுக்குப் போகும். வயலுக்குப் போற அம்மாக்களுக்கு அதுதான் பெரிய விஷயம், உங்களுக்கே தெரியும்.

---

தெக்குத்தெரு

கோயில் மண்டபம்னு எழுதியிருக்கீங்களே அக்கா, அந்த மண்டபத்துக்குள்ள எல்லாத் தெருப் பிள்ளைங்களும் போக முடியுமா? தப்பா எடுத்துக்காதீங்க, உங்க ஊரு எனக்குத் தெரியாது. எங்க ஊர்லயும் இதே மாதிரி மண்டபம்னாங்க, ஹெச்.எம். டீச்சரும் நல்லவங்கதான், யாரும் வாயைத் திறந்து வராதேன்னு சொல்லல. ஆனா மொத வாரமே எங்க தெருப் பிள்ளைங்க வாசப்படியிலயே உக்காந்துட்டு வந்துச்சுங்க. யாரும் சொல்லிக்கொடுக்கல, அதுவா தெரிஞ்சுக்கிச்சு. அப்புறம் சண்டை போட்டு லைப்ரரி கட்டடத்துக்கு மாத்துனோம். ஸ்கூல்ங்கறது அரசாங்கத்து இடம், அங்க யாரும் யாரையும் கேக்க முடியாது. மாத்துற இடமும் அப்படிப் பொது இடமாத்தான் இருக்கணும்.

---

வேன்வாசல்

நான் மாறினவ. அதனால என்னைத் திட்டினாலும் பரவால்ல, உள்ளதைச் சொல்றேன்.

எங்க ஸ்கூல இடிச்சப்ப எம்பொண்ணு மூணாவது. ஆறு மாசம்னாங்க, ஒரு வருஷம் தாண்டிடுச்சு. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, இன்னைக்கு ஸ்கூல் எங்க நடக்கும்னு காலையில வாட்ஸ்அப் பாத்துத்தான் தெரியும்னா என்ன செய்றது? பிரைவேட்ல போட்டுட்டேன். அந்த 25 சதவீத இலவச சீட்டு நுழைவு வகுப்புல மட்டும்தான், மூணாவதுக்கெல்லாம் கிடைக்காது, முழு ஃபீஸ், வேன் தனி, நோட்டு தனி. கைல இருந்த ஒரு சங்கிலி பேங்க்லதான் இருக்கு. படிப்பு ஆகா ஓகோன்னு இல்ல, தமிழ் படிக்க முன்னைய விட திணறுறா, ஆனா தினமும் ஒரே இடத்துல ஸ்கூல் நடக்குது.

ஆறாவதுக்கு கவர்மென்ட் ஸ்கூலுக்கே கொண்டுவந்துடுவேன், மெடிக்கல் சீட்டுல கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீதம், காலேஜ் போற பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண் மாசம் ஆயிரம் ரூபாய் எல்லாம் ஆறாவதுலேர்ந்துதான் கணக்கு. அதுக்குள்ள அவ வர மாட்டேன்னு சொன்னா என்ன பண்றதுன்னு தெரியல. உங்களால ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுட்டு இருக்க முடியும்னா இருங்க, முடியலன்னா அது உங்க குத்தம் இல்ல.

---

செம்பவாங்தம்பி

இங்க சிங்கப்பூர்ல 1999லேர்ந்து பழைய ஸ்கூலையெல்லாம் வரிசையா இடிச்சுப் பெருசாக்குனாங்க. அப்ப ஹோல்டிங் ஸ்கூல்னு காலியா ஒரு கட்டடத்தைத் தயாரா வெச்சிருப்பாங்க. ஒரு ஸ்கூல் மொத்தமா, பேரு, யூனிபார்ம், பிரின்ஸிபல், கேன்டீன் ஆன்ட்டி வரைக்கும், அங்க மாறும், ரெண்டு வருஷம் போல இருக்கும், கட்டி முடிஞ்சதும் மொத்தமா திரும்பும். அடுத்த ஸ்கூல் அந்தக் காலிக் கட்டடத்துக்கு வரும். ஹெச்.எம். ஐயா சொல்ற அதே விஷயந்தான், பிரிக்கவே மாட்டாங்க.

---

சாக்பீஸ்தூசி

தம்பி, ஒன்றியத்துக்கு ஒரு காலிக் கட்டடம் இருந்தா நான் ஏன் சேலை கட்டித் தொங்கவிட்டிருக்கப் போறேன்? ஆனா சொன்னது ரொம்ப சரி. மொத்தமா மாறணும், மொத்தமா திரும்பணும்.

ஒண்ணு விட்டுட்டேன் அம்மா. கொட்டகைன்னு ஒருத்தர் சொன்னாருன்னு எழுதியிருந்தீங்க. கீத்துக் கொட்டகைன்னா அந்த இடத்துலயே முடியாதுன்னு சொல்லிடுங்க, யார் என்ன சொன்னாலும். 2004 ஜூலை 16, கும்பகோணம், 94 பிள்ளைங்க. உங்க ஊர்லேர்ந்து எவ்வளவு தூரம்? அதுக்கப்புறம்தான் ஸ்கூல்ல கீத்தே கூடாதுன்னு பிரிச்சுப் போட்டாங்க. அங்க தீ கிளம்புனது சமையல் அடுப்புலேர்ந்து. அதனால சமுதாயக்கூடத்துக்குப் போனாலும் அடுப்பு எங்க, சிலிண்டர் எங்க, பிள்ளைங்க எந்த வாசல் வழியா வெளிய ஓடலாம்னு முதல்நாளே பாருங்க. பல கூடத்துல பின்வாசலை சாமான் போட்டு அடைச்சே வெச்சிருப்பாங்க.

---

சென்ட்ரிங்சவுக்கு

நான் சைட் சூப்பர்வைசர், டெல்டாவுல நாலு ஸ்கூல் கட்டடம் பாத்திருக்கேன். எங்க தரப்பையும் கொஞ்சம் கேளுங்க.

நாலு கிளாஸ்ரூம்னா பில் ஒழுங்கா பாஸ் ஆகி மணலும் ஜல்லியும் வந்துட்டே இருந்தா ஏழெட்டு மாசத்துல முடிச்சிரலாம், அது கஷ்டமில்ல. எங்க இடிக்குதுன்னா, உங்க மண்ணு. களிமண்ணு, அஸ்திவாரக் குழி வெட்டினா கோடையிலதான் காஞ்சு நிக்கும். ஜூன் 12 மேட்டூர் திறந்து வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா குழியில ஊத்தெடுக்கும், அப்புறம் மோட்டார் வெச்சு இறைச்சுட்டே வேலை பாக்கணும். அக்டோபர்ல மழை பிடிச்சா டிசம்பர் முடிய லாரி உள்ள வராது. அதனால ஏப்ரல் கடைசியில இடிச்சு, மே லீவுக்குள்ள அஸ்திவாரத்தை மேல கொண்டாந்து பேஸ்மென்ட் ஃபில்லிங் முடிச்சுட்டா தப்பிச்சீங்க. அதை விட்டு ஜூலைல குழி வெட்டினா பொங்கலுக்கு முன்னாடி ரூஃப் கனவுதான். ரூஃப் போட்டாலும் முட்டுக்கொடுத்த சவுக்கை ரெண்டு வாரத்துக்குப் பிரிக்கக்கூடாது, தண்ணி கட்டணும், திறப்பு விழாத் தேதி சொல்லிட்டாங்கன்னு அவசரப்படுத்தினா அஞ்சு வருஷத்துல மறுபடி கம்பி தெரியும்.

இடிக்கிறதுக்கு முன்னாடி பி.டி.ஓ. ஆபீஸ்ல, அதான் ஒன்றிய ஆபீஸ்ல, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: வொர்க் ஆர்டர் போட்டாச்சா? எஸ்டிமேட் ரெடி, டெண்டர் விடப்போறோம், அதெல்லாம் பேச்சு. ஒப்பந்தக்காரர் கையில வொர்க் ஆர்டர் இருக்கணும். நடுவுல தேர்தல் தேதி அறிவிச்சுட்டா புது வேலை எதுவும் ஆரம்பிக்க முடியாது, நடத்தை விதி. ஆரம்பிச்ச வேலைன்னா ஓடும். ஆர்டர் வராம இடிக்க விட்டீங்கன்னா ஐயா சொன்ன ஒம்போது மாசம் உங்களுக்கும்தான். பழைய ஓடு, மரம், கம்பி ஏலம் எடுக்க ஆள் தயாரா நிப்பான், அவனுக்குத்தான் அவசரம்.

அதே காம்பவுண்டுல பிள்ளைங்களை வெக்கலாம்னு சொல்றவரை ஒருநாள் என் சைட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. செப்டிக் டேங்க் குழி வெட்டி வெச்சிருப்போம், நைட்டு மழை பேஞ்சா ஆறடித் தண்ணி நிக்கும். இன்டர்வெல்ல பந்து அந்தப் பக்கம்தான் போகும், எப்பவும். நான் பலகை போட்டு மூடச் சொல்லுவேன், லேபர் அந்தப் பலகையையே சாரத்துக்கு எடுத்துட்டுப் போயிருவான். தூங்க முடியாத வேலைங்க அது.

---

கடைமடைக்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல. எழுதுனதை எல்லாம் மாமியாருக்குப் படிச்சுக் காமிச்சேன். வேன்வாசல் அக்கா எழுதுனதைக் கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "சங்கிலியை எப்ப மீட்டாளாம்"னு மட்டும் கேட்டாங்க.

நேத்து எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) மீட்டிங். தலைவியா இருக்கறது எங்க தெரு அம்மாதான், அவங்க பையன் நாலாவது படிக்கிறான், எப்பவும் கையெழுத்து போட்டுட்டு வந்துடுவாங்க, நேத்து நல்லா பேசுனாங்க. பக்கத்து ஊர் யோசனையை விட்டாச்சு. வீட்டுலேர்ந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள தொடக்கப் பள்ளி இருக்கணும்னு விதி இருக்குன்னு ஒரு அப்பா எடுத்துச் சொன்னார், ஹெச்.எம்.மும் ஆமாம்னுட்டாங்க. மண்டபத்தைப் பத்தி நான் கேட்டப்ப ஹாலே ஒரு நிமிஷம் அமைதியாயிடுச்சு, தெக்குத்தெரு தம்பி, யாரும் பதில் சொல்லல. அந்த அமைதியே பதில்னு புரிஞ்சுது. தலைவியம்மாதான், மண்டபம் வேண்டாம், சமுதாயக்கூடம்தான்னு முடிச்சு வெச்சாங்க.

66 பேரும் ஒரே இடத்துல. டி.சி. யாரும் வாங்குறதில்லன்னு தீர்மான நோட்டுலயே எழுதியாச்சு. கிழமை நாள்ல கூடத்தை வாடகைக்கு விடமாட்டோம்னு ஊராட்சியில எழுதித் தரச் சொல்லியிருக்கோம். ஆவணியில மூணு கல்யாணத்துக்கு ஏற்கனவே அட்வான்ஸ் வாங்கிட்டாங்களாம், அந்த மூணு நாள் மட்டும் லைப்ரரியிலயும் அதோட திண்ணையிலயும். ஒரு கல்யாணம் எங்க சொந்தத்துலதான், சண்டையும் போட முடியல. பாத்ரூம் சாவி ஆயாகிட்ட ஒண்ணு இருக்கும். பழைய சேலை நாங்க நாலு பேர் தர்றோம்னு சொல்லியிருக்கோம் ஐயா.

பையனுக்கு ஒண்ணாவது அட்மிஷன் நேத்தே போட்டுட்டேன், மார்ச்லயே போடுறாங்க இப்ப. இன்னும் அஞ்சு வீட்டுக்கு நானும் தலைவியம்மாவும் போகப் போறோம், ஆகஸ்டுக்கு முன்னாடி. ஒருத்தி மட்டும் வேன்காரர்கிட்ட பேசிட்டாளாம், அவ வீட்டுக்கு ரெண்டு தடவை போகணும் போல.

வொர்க் ஆர்டர் இன்னும் வரல. பி.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டா அடுத்த வாரம்ங்கறாங்க. ஆனா இன்னைக்கு மதியமே ரெண்டு பேர் பைக்ல வந்து கூரை ஓடுங்களை எண்ணிட்டுப் போனாங்கன்னு பொண்ணு வந்து சொல்றா. ஆர்டரைக் கண்ணால பாக்காம காலி பண்ண மாட்டேன்னு ஹெச்.எம். சொல்லியிருக்காங்க, பாப்போம்.

இன்னொரு சந்தேகம், கேட்டா சிரிப்பீங்க. மைதானத்துல ஒரு பெரிய புங்க மரம் நிக்குது, 2018 கஜாவுல ஊர்ல பாதி மரம் விழுந்தப்ப இது மட்டும் நின்னுது. வெயில் நாள்ல பாதி ஸ்கூல் அதுக்கடியிலதான் நடக்கும். புதுக்கட்டடத்துக்காக அதை வெட்டிருவாங்களோன்னு என் பொண்ணு ராத்திரியெல்லாம் கேக்குறா.

---

சென்ட்ரிங்சவுக்கு

சிரிக்கலங்க, எல்லா ஊர்லயும் இந்தக் கேள்வி வரும், ஆனா மரம் விழுந்ததுக்கு அப்புறம்தான் வரும்.

ஓவர்சியர்கிட்ட சைட் பிளான் இருக்கும், மரம் நிக்கிற இடம் பில்டிங்குக்குள்ள வருதான்னு இப்பவே பாத்துக்குங்க. வந்தாலும் ஒரு ஆறேழடி தள்ளிப் போட இடம் இருந்தா தள்ளிடலாம், தாள்ல இருக்கிற வரைக்கும் யாருக்கும் அதுல நஷ்டம் இல்ல. ரொம்பக் கிட்டயும் போடச் சொல்லாதீங்க, வேர் அஸ்திவாரத்துக்கு ஆகாது. மார்க்கிங் பண்ற அன்னைக்கு காலையிலயே போய் மரத்துக்கிட்ட நில்லுங்க, பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. சுண்ணாம்புக் கோடு போட்டு முடிச்சுட்டா அப்புறம் கலெக்டரே வந்தாலும் மேஸ்திரி நகத்த மாட்டான்.